தீத்தடம்

குடியிருப்பின் கடைசி வரிசைக்குப் பின்னால்
குழாயடியைத் தாண்டியதும்
தொடங்கிவிடுகிறது மேடு.
மலை என்று சொன்னால் மதுரைக்காரர்கள் சிரிப்பார்கள்.
தொண்ணூறு அடி மணல்.
பனையும் சீமைக்கருவேலும்
வேரால் பிடித்து உட்காரவைத்த மணல்.

போன பங்குனியில் அதன் மேற்குப் பாதி எரிந்தபோது
ஜேசிபி ஒன்று வந்து
அடியிலிருந்து உச்சிவரை நேர்கோடாய் வழித்துப் போட்டது,
தீ கிழக்கே தாண்டாதிருக்க.
வளைந்து வளைந்து போக அன்று யாருக்கும் நேரமில்லை.
தீக்காக வெட்டிய பாதை
முழங்காலைப் பற்றி யோசிப்பதில்லை.

சபுராளும் நானும் அதில் ஏறுகிறோம்,
விடிகாலை பாங்கு முடிந்த கையோடு.
சர்க்கரை அவளுக்கு.
நடக்கச் சொன்னது சாயல்குடி டாக்டர்.
நான் துணைக்குப் போகிறவள்,
ஆனாலும் ஒரு மாதமாக
நான்தான் அவள் கதவைத் தட்டுகிறேன்.

கொஞ்ச தூரம் சரளை கொட்டி இறுக்கியிருக்கிறார்கள்.
அப்புறம் வெறும் மணல்.
ஒரு எட்டு வைத்தால் அரை எட்டு திரும்பி வருகிறது.
"குழுக்கடன் கட்டுற மாதிரியே இருக்குடி"
என்கிறாள் சபுராள், தினமும்,
முதல் தடவை சொல்வதுபோல.

செருப்பைக் கழற்றவும் முடியாது.
கரிந்த வேர்க்கட்டைகள் உள்ளே படுத்திருக்கின்றன.
வெட்டிய இடத்தில் இரட்டையாய்த் தளிர்த்த கருவேலம்
பாதையை இரு பக்கமிருந்தும் தைத்துக்கொண்டு வருகிறது.
அடுத்த பங்குனிக்குள் மூடிவிடும்.

பாதி மேட்டில் ஒரு பள்ளம்.
அன்று தண்ணீர் டேங்கோடு ஏறிய டிராக்டர்
அச்சுவரை புதைந்து நின்ற இடம்.
குடங்களோடு நாங்கள் ஓடி வந்தது
முதலில் தீயை அணைக்க அல்ல.
குடம் பத்து ரூபாய்த் தண்ணீர்
மணலில் வழிவதை
யார் பார்த்துக்கொண்டு நிற்பது?
பிடித்தோம்.
பனையொன்று தலையில் பற்றி
படபடவென வெடித்த சத்தம் கேட்டுத்தான்
வெட்கம் வந்தது.
பிடித்ததில் பாதியை மேலே சுமந்தோம்.
பாதி என்பது என் கணக்கு.
கால்வாசி என்பாள் சபுராள்.

அந்தப் பள்ளத்தின் விளிம்பில் நின்று
மூச்சு வாங்குவோம்.
இரைக்கிறபோது பொய் சொல்லக் காற்று போதாது.
"ராத்திரி ரெண்டு துண்டு தொதல் தின்னுட்டேன்."
கீழக்கரைச் சம்பந்தி கொடுத்துவிட்டதாம்.
ரெண்டா?
"நாலு."

கடைசிச் சரிவில் கைகளையும் ஊன்ற வேண்டும்.
அதில் நாங்கள் பேசுவதில்லை.
அவள் குதிகாலிலிருந்து உருளும் மணல்
என் விரல் இடுக்கில் நிறைகிறது.
இந்தச் சரிவில்
என் வயதும் எடையும் எனக்குத் துல்லியமாகத் தெரியும்.

உச்சியில் காற்று முந்தானையைப் பறிக்கிறது.
தெற்கே வள்ளங்களின் விளக்குகள்
ஒவ்வொன்றாய் வெளிறுகின்றன.
நாங்கள் முதலில் திரும்புவது வடக்கே,
கருவேலங்காட்டின் மேல் எழும் புகையை எண்ண.
வெள்ளையாய்த் திரண்டால் மூட்டத்தில் கட்டையின் ஈரம் போகிறது.
நீலமாய் மெலிந்தால் கரி பழுத்துவிட்டது.
மூன்றாவது நிறத்தை நாங்கள் வாயால் சொல்வதில்லை.

நேற்று ஐந்து. இன்று ஆறு.
ஆறாவது எங்கே முளைத்தது?
அங்கே மூட்டம் போட்டதாய் யாரும் சொல்லவில்லை.
வெளிச்சம் வரும்வரை எந்தப் புகையும் சாம்பல்தான்.
நின்றோம்.
சபுராளின் கை
எப்போது என் முழங்கையைப் பிடித்ததென்று தெரியாது.

கிழக்கு வெளுத்தது.
வெள்ளை.
புது மூட்டம். எவனோ விடிய விடிய அடுக்கியிருக்கிறான்.

அவள் கையை எடுப்பதற்குள்
கீழே தண்ணீர் லாரியின் ஹாரன்,
இரண்டு நாள் முன்கூட்டியே.

ஏற எடுத்தது பதினைந்து நிமிஷம்.
மணல் இப்போது எங்கள் பக்கம்,
ஒரு எட்டுக்கு மூன்று எட்டாய் இறக்கிவிடுகிறது.
நாலு துண்டு தொதலும் சர்க்கரையுமாய்
எனக்கு முன்னால் பறக்கிறாள் சபுராள்,
பள்ளத்தை ஒரே தாவில் தாண்டி.
"என் குடத்துக்கும் சேர்த்து இடம் போடு"
என்று கத்துகிறேன்.
கேட்டதாய்க் காட்டிக்கொள்ளவே இல்லை அவள்.